தொலைபேசியிற் கைது: ஒரு வஞ்சக முறையின் ஆராய்ச்சி

பூட்டை உடைத்துத் திருடுவோன் ஒருவகை. உடையவரின் கையாலேயே பூட்டைத் திறக்கச் செய்வோன் மற்றொருவகை. பின்னவனுக்கு வேண்டிய கருவிகள் மனிதரின் அச்சமும், அதிகாரத்தின்பால் நாம் கொண்டுள்ள மரியாதையுமே.

ஐரோலி அமைந்துள்ள தானே மாவட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2016 அக்டோபரில் மீரா சாலையிலுள்ள சில தொலைபேசி அழைப்பு நிலையங்களைத் தானே போலீஸார் சோதனையிட்டனர். அங்கிருந்தோர் அமெரிக்கக் குடிமக்களை அழைத்து, அந்நாட்டு வரித்துறை அதிகாரிகளைப்போல் நடித்து, வரி பாக்கிக்காகக் கைது செய்யப்போவதாக மிரட்டிப் பணம் பறித்ததாக வழக்கு எழுந்தது. அவர்கள் பேசியது முன்னரே எழுதித் தரப்பட்ட வசனம். வஞ்சகம், பயிற்சியால் எவருக்கும் கைவரக்கூடிய தொழிலாகிவிட்டது.

அம்முறையே இன்று ‘டிஜிட்டல் கைது’ என்னும் பெயரில் நம்மவர்மீது திரும்பியிருக்கிறது. உமது பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்றோ, உமது ஆதார் எண்ணால் கள்ளக் கணக்கு திறக்கப்பட்டது என்றோ முதலில் செய்தி வரும். பின்னர் வீடியோ அழைப்பில் சீருடை அணிந்த ஒருவர் தோன்றுவார். “யாரிடமும் சொல்லாதீர்; அறையை விட்டு அகலாதீர்; அழைப்பைத் துண்டியாதீர்” என்பது அவர் கட்டளை. மோசடியின் உயிர்நிலை இதுவே. மனைவியையோ, மகனையோ, பக்கத்து வீட்டாரையோ ஒரு நிமிஷம் கலந்தால் பொய் கலைந்துவிடும். ஆகையால் அந்த ஒரு நிமிஷத்தைக் கிடைக்கவிடாமற் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு ‘மும்பை போலீஸ்’ என்பது எட்டாத் தொலைவு. ஐரோலிவாசியோ காவல் நிலையத்துக்கு நேரே சென்று கேட்கலாம். எனினும் அறைக்குள் அடைபட்டவருக்கு அடுத்த தெருவும் தொலைவேயாகும்.

படித்தவர் ஏமாறார் என்பது தவறான எண்ணம். 2024-இல் பஞ்சாபைச் சேர்ந்த பெருந்தொழிலதிபர் ஒருவர், போலியாக நடத்தப்பட்ட உச்சநீதிமன்ற விசாரணையை வீடியோவில் கண்டு நம்பி, 7 கோடி ரூபாயை இழந்தார். பெரும்பகுதி பின்னர் மீட்கப்பட்டது. சேமிப்பு வட்டியில் வாழும் ஓய்வூதியருக்கோ அவருடைய சில லட்சங்களே முழு வாழ்வு.

வீடியோ அழைப்பின் வாயிலாகக் கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ‘சரிபார்ப்பதற்காக’ உமது பணத்தை வேறு கணக்கிற்கு மாற்றச் சொல்லும் அதிகாரியும் இல்லை. இதனைச் சொல்லி விடுவது போதாது. ஆசிரியர்கள் வகுப்பில் இருவரை நடிக்கச் செய்து, அழைப்பைத் துண்டிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தல் வேண்டும். மரியாதை கருதித் துண்டிக்கத் தயங்குவோரே நம்மில் அநேகர். கள ஊழியர்கள் முதியோரின் இல்லங்களில், துண்டித்தபின் முதலில் அழைக்கவேண்டிய உறவினரின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் செய்யலாம்.

பணம் போய்விட்டால் வெட்கத்தால் மௌனம் சாதிக்கலாகாது. அது கணக்கு விட்டுக் கணக்கு விரைந்து மாற்றப்படும். உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், எஞ்சியுள்ள தொகையை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. அழைக்கும்போது வங்கியின் பெயர், கணக்கு எண், பரிமாற்ற எண், தொகை, பணம் சென்ற நேரம் ஆகியவற்றைக் கைவசம் வைத்துக்கொள்க.