விளையாட்டும் விருதும்

மின்திரை விளையாட்டுக்களில் அருஞ்செயல் புரிவோர்க்கு அடையாளச் சின்னம் வழங்கும் முறை இந்நாளிற் பெருவழக்காயுள்ளது. இதனால் விளையும் பயன் யாதென ஈண்டு ஆராய்வோம்.

1980-களின் தொடக்கத்தில் ஆக்டிவிஷன் என்னும் அமெரிக்க நிறுவனத்தார், குறித்த புள்ளிகளை ஈட்டினோர் தொலைக்காட்சித் திரையை நிழற்படம் பிடித்தனுப்பின், துணிச்சின்னமொன்றை அஞ்சலில் அளித்தனர். 2005-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் விளையாட்டுக் கருவி, ஒவ்வொரு சாதனைக்கும் புள்ளி வகுத்து, எல்லா ஆட்டங்களின் புள்ளிகளையும் ஒரே கணக்கிற் சேர்த்தது. ஒருவன் தானே நாடாத அரிய வழிகளையும் முயன்று பார்க்குமாறு தூண்டுதல் இம்முறையின் நன்மையாம்.

ஆயின் தீமையும் உண்டு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் உளநூலார் 1973-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். சித்திரம் வரைவதில் விருப்பமுடைய சிறார் சிலர்க்குப் பரிசு தருவதாக முன்னரே கூறி வரையச் செய்தனர். பின்னர் அச்சிறார் தாமாக வரைதல் குறைந்தது. எதிர்பாராது பரிசு பெற்றோர்க்கோ அக்குறை நேர்ந்திலது. பரிசை வேண்டிச் செய்யுங்கால் விளையாட்டும் கூலிவேலையாகி விடுகின்றது போலும்!

இனிச் சதுரங்கத்தை நோக்குக. 1961-இல் மானுவேல் ஆரன் இந்தியாவின் முதற் சர்வதேச மாஸ்டர் ஆயினார். 1988-இல் விசுவநாதன் ஆனந்த் முதற் கிராண்ட்மாஸ்டர் ஆயினார். இருவரும் தமிழ்நாட்டினர். இப்பட்டங்கள் வலியாரோடு பலகாற் பொருது நிலைநாட்டிய திறமைக்குச் சான்றாவன. ஆட்டத்தைத் தொடங்கிய அளவிலே கிடைக்கும் சின்னமோ எதற்குஞ் சான்றாகாது.

மாணவ நண்பர்காள்! நாம் பெறும் மதிப்பெண்ணும் பட்டமும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டனவே. கற்றதற்குச் சான்றாயின் அவை பெருமை தரும். அவற்றிற்காகவே கற்பின், பட்டம் பெற்ற அன்றே கல்வி முடிந்துவிடும்.