கொழுந்து இறப்பது எப்பொழுது?

"கூடையில் வீழ்ந்த கொழுந்து உயிருள்ளதா, இறந்ததா?" என அட்டன் தோட்டத்து மாணவன் ஒருவன் நம்மை வினவினான். தமிழாசிரியராகிய நாம் விடையறியாது நாணித் தாவரவியல் நூல்களை நாடினோம்.

கொய்தவுடன் கொழுந்து இறப்பதில்லை. தொழிற்சாலையில் 12 முதல் 18 மணிநேரம் வரை வாட்டப்படும்போதும் அதன் கலங்கள் சுவாசிக்கின்றன. உருட்டும் இயந்திரத்தில் நசுங்கும்போதே கலமென்சவ்வுகள் கிழிகின்றன. வெவ்வேறு அறைகளிற் பிரிந்திருந்த துவர்ப்புப் பொருளும் நொதியமும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனால் இலை செந்நிறமடைகின்றது. பின்னர் உலர்த்தும் வெப்பம் நொதியத்தை அழித்து அச்செயலை நிறுத்துகின்றது. தேநீரின் நிறமும் சுவையும் இவ்வலிந்த சாவின் பயனாகும்.

செடியில் முதிரும் இலையோ ஒழுங்காக இறக்கின்றது. தன்னிடமுள்ள நைதரசனிற் பெரும்பகுதியைச் செடிக்கு மீள அளித்துவிட்டே உதிர்கின்றது. நீரைக் கடத்தும் காழ்க்கலன்களும் தாம் இறந்த பின்பே குழாய்களாகப் பயன்படுகின்றன. விலங்குக் கலங்களிலும் ஒழுங்கான சாவு உண்டு. 1972இல் கெர், வில்லி, கறி என்னும் அறிஞர் மூவர், இலையுதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். அது தடைப்படுவது புற்றுநோய்க்கும் ஏதுவாகலாம்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, "தம்பி, உன் அன்னை கூடையிற் சுமப்பது உயிருள்ள கொழுந்தையே" என்றோம். அவன் முகம் மலர்ந்தது.