மரமும் மரவையும்

மரத்தாற் செய்த கலத்தை மரவை என வழங்கினர் நம் முன்னோர். அச்சொல் இன்று பேச்சு வழக்கில் அருகிவிட்டதெனினும், அது குறித்த பொருள் அருகிற்றிலது. கண்டி மாநகரின் கைப்பணிக் கடைகளிற் கடைந்து மெருகிட்ட மரக்கிண்ணங்கள் வரிசையாய் அடுக்கப்பட்டிருத்தலை நாம் காண்கிறோம். வாங்குவோர் வடிவத்தைப் புகழ்வர், விலையை வினவுவர். இஃது எம்மரம், எவ்வாறு கிண்ணமாயிற்று என வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். தயிரைக் கடைதல், மரத்தைக் கடைதல் என இரு தொழிலுக்கும் தமிழில் ஒரே வினை வழங்குகிறது. மத்திற் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னும் சுழலும். பழைய கடைசற் பொறியும் இங்ஙனமே இயங்கியது. இரு முனைகளுக்கிடையே பொருத்திய மரத்திற் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுப்பார். மற்றவர் உளி பிடிப்பார். மரம் உளியை நோக்கிச் சுழலும்போது மாத்திரமே உளி சீவும். எதிர்ப்புறம் சுழலும்போது அது விலகி நிற்கும். மின்விசையால் ஒரே திசையிற் சுழலும் இக்காலப் பொறி விரைவாக வேலை செய்யும். ஆயினும் மரத்தை அறியும் அறிவைப் பொறி தருவதில்லை. அது கடைபவனிடத்தே இருத்தல் வேண்டும்.

அவ்வறிவின் முதற்பாடம் வயிரம். உள்ளே வயிரமுடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்துரைக்கும். இஃது ஏட்டிலக்கணம் மாத்திரமன்று, பட்டறை இலக்கணமுமாம். பலாவும் கருங்காலியும் அகத்தே வயிரம் கொண்டவை. தென்னையும் கித்துளும் புறத்தே வயிரம் கொண்டவை. ஆதலின் தென்னையிற் கிண்ணம் கடைவோர் நடுப்பகுதியை நீக்கி, முதிர்ந்த வெளிப்பகுதியையே தெரிந்தெடுப்பர்.

இரண்டாம் பாடம் ஈரம். மரம் உலரும்போது எல்லாத் திசைகளிலும் ஒரே அளவிற் சுருங்குவதில்லை. நெடுக்கிற் சுருக்கம் மிகச் சிறிது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லுந் திசையிற் சுருங்குவதிலும், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையிற் பெரும்பாலும் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். அதனாலேதான் பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் சில கிழமைகளில் நீள்வட்டமாகிறது. நெஞ்சு எனப்படும் நடுப்புள்ளி உள்ளகப்பட்டால் வெடிப்பும் உண்டாகும். ஆகவே கைதேர்ந்தவர் மரக்குற்றியை நெஞ்சின் வழியே இரண்டாகப் பிளப்பர். பச்சையாயிருக்கும்போதே தடித்த சுவருடன் ஒருமுறை கடைவர். பன்னிரண்டு அங்குலக் கிண்ணத்துக்குச் சுவர் ஓரங்குலத்திற்குச் சற்று மிகுந்திருக்கும். பின்னர் அதை நிழலிற் பல மாதம் உலரவிட்டு, கோணியதைக் கோணியவாறே பொறியில் ஏற்றி மீண்டும் வட்டமாக்குவர். அவசரப்பட்டவன் கையில் எஞ்சுவது வெடித்த விறகே.

மூன்றாம் பாடம் நிறம். முதிரை பொன்னிறமுடையது, ஒளியிற் பட்டுப் போல மினுங்கும். கருங்காலியின் வயிரம் கரியது. நீரில் இட்டால் அமிழும். பலா வெட்டியபோது மஞ்சளாயிருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும். கபில நிறத்திற் கருவரி ஓடும் கலமந்தர் இலங்கைக்கே உரியது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தளபாடங்களுக்காக அதைப் பெருவாரியாகத் தறித்தமையால் இன்று காண்டற்கரியதாயிற்று. இவ்வியற்கை நிறங்களை மறைக்காது, எண்ணெய் மாத்திரம் பூசி வெளிப்படுத்துவதே சிறந்த கடைசலின் இலக்கணம் என்பது எமது கருத்து.

மரத்திற்கு நிறமேற்றும் மரபும் கண்டிக்கு அயலில் உண்டு. மாத்தளை மாவட்டத்து ஹப்புவிட என்னும் ஊர் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. சுழலும் மரத்தின்மீது அரக்குக் கோலை அழுத்த, உராய்வின் வெம்மையால் அது உருகிப் படியும். சூடாக்கிய அரக்கை மெல்லிய இழையாய் இழுத்து, நகத்தாற் கிள்ளிப் பதித்துக் கோலமிடும் நுண்பணியும் அவ்வூரார்க்கு உரியது.

கண்டியரசில் இத்தகைய கைவினைஞர் ஊழியத்திற்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். 1815இல் அரசு வீழ, ஆதரவும் தளர்ந்தது. எஞ்சியவற்றைக் காக்கும் நோக்குடன் 1882இற் கண்டியக் கலைச் சங்கம் தோன்றியது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, கல்லை ஆராயச் சென்ற ஊர்களிலே கலையையும் கண்டார். சிங்களக் கைவினைஞரின் தொழில்முறைகளை 1908இல் வெளிவந்த தமது பெருநூலில் எழுதிவைத்தார். தமிழ்க் குடியிற் பிறந்த ஒருவர் சிங்களக் கிராமத்துத் தொழிலாளரிடம் மாணவராய் அமர்ந்த அச்செயல் நம் கல்லூரியார் அனைவரும் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

எனினும் எழுதிவைத்தல் மாத்திரம் போதாது. மரம் இன்றேல் மரவை இல்லை. பலா முதலிய மரங்களை அனுமதியின்றித் தறித்தலை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சட்டம் தறிப்பதைத் தடுக்கும். நடுவதற்கு நாமே வேண்டும். முதிரையும் கருங்காலியும் மெல்ல வளர்வன. இன்று நடுபவர் அவற்றின் வயிரத்தைக் காணார், பேரர் காண்பர். கல்வியும் அத்தகையதே அன்றோ?

ஆகவே நாம் செய்யத்தக்கன மூன்று. ஒரு கிண்ணத்தை வாங்குமுன் மரத்தின் பெயரைக் கேட்போம். பெயர் சொல்ல வல்லவனிடமே வாங்குவோம். புயலில் வீழ்ந்த பலாவோ மாவோ புளியோ வளவிற் கிடந்தால் அடுப்பிற்கு அனுப்புமுன் கடைசற்காரருக்குக் காட்டுவோம். வீழ்ந்த மரத்தின் இடத்தில் இன்னொன்றை நடுவோம். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவுடையதன்று. ஆயினும் கேட்பாரற்றுப் போகும் ஒரு தொழில், கேட்பவர் உளர் என்று அறிந்தால் மேலும் ஒரு தலைமுறை தழைக்கும்.