குரோட்டன்ஸ் வளர்ப்பு

தோட்டங்களில் நாம் குரோட்டன்ஸ் என்றழைக்கும் செடி, உண்மையில் குரோட்டன் இனத்தைச் சேர்ந்ததன்று. அவ்வினத்தைச் சேர்ந்தது நேர்வாளம். அதன் விதை கடும்பேதியை உண்டாக்கும் நஞ்சு. இலையழகுக்காக வளர்க்கப்படும் இச்செடியோ அதே ஆமணக்குக் குடும்பத்தில் கோடியேயம் என்னும் வேறோர் இனமாகும். இந்தோனேசியா, மலேசியா, பசிபிக் தீவுகள் முதலியவை இதன் தாயகம். பெயரை நம்பி இதன் இலையையோ விதையையோ மருந்தாக உட்கொள்ளுதல் ஆகாது.

மஞ்சளும் சிவப்பும் கலந்த இலைகள் பூச்செண்டுக்கும் மேடை அலங்காரத்துக்கும் வேண்டப்படுகின்றன. விதையில் முளைப்பவை தாய்ச்செடியை ஒத்திரா. ஆதலின் விற்பனைக்கு வளர்ப்போர் குச்சி நடுதலையோ பதியனையோ கைக்கொள்ளல் வேண்டும். பென்சில் பருமனுள்ள கிளையில் ஓரங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசி பொதிந்து, பாலிதீன் தாளால் இறுகக் கட்டுக. பாசி காயாதிருப்பின் சுமார் 6 வாரங்களில் வேர் புலப்படும். வேர் நன்கு நிறைந்த பின்னரே கிளையை வெட்டித் தொட்டியில் நடுதல் நலம். அவசரப்படுவோர் செடியை இழப்பர்.

நிறம் மங்கிப் பச்சையாகிவிட்டது, நாற்று போலி என்று வாங்கியவர் முறையிடுவதுண்டு. பெரும்பாலும் குறை நாற்றிலன்று, நிழலில்தான். நல்ல வெளிச்சத்திற்கு மாற்றினால், புதிதாய் வரும் இலைகள் வண்ணம் பெறும். மாவுப்பூச்சியையும் கவனிக்க.

தறிக்கொட்டகையருகே இதனை வளர்க்கும் நெசவாளர்க்கு ஒரு சொல். ஒடித்த கிளையில் வடியும் சாறு துணியில் கறைபடுத்தும். சிலர்க்குத் தோலில் அரிப்பும் உண்டாகும். கத்தரித்த கையைச் சவுக்காரமிட்டுக் கழுவிய பின்னரே பாவினைத் தொடுக.