தெருவிற்கு ஒரு வெள்ளோட்டம்

ஒரு தெருவை மாற்றியமைப்பது வீட்டைப் புதுப்பிப்பது போன்றதன்று. வீட்டிற்கு உடையவன் ஒருவன்; தெருவிற்கோ உடையவர் பலர். கடைக்காரர், குடியிருப்போர், வண்டியோட்டுவோர், நடந்து செல்வோர் ஆகிய அனைவர்க்கும் அதில் உரிமை உண்டு. ஒருவர்க்கு நலமாவது மற்றொருவர்க்கு இடராகத் தோன்றும். இத்தகைய வழக்கொன்று டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் எழுந்தது.

அங்கே நகர மன்றத் திடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக நீண்டு செல்கின்றது ஸ்ட்ரோயட் என்னும் கடைவீதி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகவே, அக்குறுகிய வீதியில் நடப்போர் ஓரங்களில் நெருக்குண்டனர். வண்டிகளை விலக்கி, வீதி முழுவதையும் நடப்போர்க்கே விடலாம் என்ற கருத்து எழுந்தது. வணிகர் பலர் வெகுண்டனர். வண்டி வாராவிடின் பொருள் வாங்குவோர் எவ்வாறு வருவர்? குளிரும் மழையும் மிக்க வடநாட்டில், இத்தாலியரைப் போலத் தெருவில் உலாவ எவர் விரும்புவர்? இவ்வினாக்களை எளியவை என்று தள்ளிவிடலாகாது. கேட்டவர்களுடைய பிழைப்பு அத்தெருவில் இருந்தது.

சொற்போரால் இவ்வழக்குத் தீர்ந்திராது. 1962-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் வீதி வண்டிகளுக்கு அடைக்கப்பட்டது. ஆனால், வெள்ளோட்டமாகவே அடைக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் வாணிகத்தை ஒட்டிய காலத்தைத் தேர்ந்தமை நுண்ணறிவு என்றே கூறுவேன். பயனில்லையேல் தடையை எடுத்துவிடலாம் என்ற நிலை இருந்தமையால், எதிர்த்தவர்களும் பொறுத்துப் பார்க்க இடம் உண்டாயிற்று. மக்கள் திரளாக வந்தனர், வாணிகமும் கெடவில்லை. 1964-இல் அவ்வேற்பாடு நிலைபெற்றது.

பின்னர், யான் கேல் என்னும் இளங்கட்டடக் கலைஞர் அவ்வீதியில் நின்று, நடப்போர் எத்தனை பேர், நிற்போர் எத்தனை பேர், அமர்ந்திருப்போர் எத்தனை பேர் என்று பொறுமையுடன் எண்ணலானார். கடுங்குளிர் நாளிலும் எண்ணினார். அதனால், ஊகத்தைக் கொண்டு வாதிட்டவர்கள் கணக்கைக் கொண்டு பேச வேண்டியவர்களாயினர். நகரத்தாரும் விரையவில்லை. நடுநகரில் வண்டி நிறுத்தும் இடங்களை ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றே குறைத்தனர். 1962-இல் ஏறத்தாழ 15,800 சதுர மீட்டராக இருந்த நடைவெளி, 1996-இல் 95,000 சதுர மீட்டருக்கு மேல் விரிந்தது.

வணிகரின் அச்சம் முழுவதும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. கூட்டம் பெருகிய அவ்வீதியில் இன்று பன்னாட்டுப் பெருநிறுவனங்களின் கடைகளே மிகுதி. வாங்குவோர் வாராமல் போவர் என்று அன்று அஞ்சினர். வருவோர் பெருகினால் சிறுகடைகள் என்னாகும் என்பதை எவரும் வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கவில்லை.