ஏரியைப் படிப்போம்: பருத்திப்பட்டுக்கு ஒரு நாள் களப்பயணம்

களப்பயணம் என்றதும் வண்டலூரும் மாமல்லபுரமும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. வாடகைப் பேருந்து, செலவு, நேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டதும் திட்டம் தள்ளிப்போய்விடுகிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிப் பள்ளிகள் அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. ஆவடி–பூந்தமல்லி சாலையை ஒட்டிய பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மாநகரப் பேருந்திலேயே போய்வரலாம். அரை நாள் போதும்.

நடைபாதையில் சுற்றி வந்து, விளையாடித் திரும்புவதும் மகிழ்ச்சிதான். ஆனால், மாணவர் "பூங்காவுக்குப் போனோம்" என்று மட்டும் எழுதினால் முக்கியமான ஒன்றைப் பார்க்காமல் திரும்பியிருக்கிறார் என்று பொருள். பூங்கா அண்மையில் வந்தது. ஏரியோ மழைநீரைத் தேக்கிப் பயிருக்குப் பாய்ச்ச முன்னோர் அமைத்தது. இந்தப் பயணத்தில் அந்த ஏரிதான் பாடம்.

பயணத்திற்கு முன்

• ஆசிரியர் ஒருமுறை தனியே சென்று, நீர் உள்ளே வரும் இடம், வெளியேறும் இடம், நிழல், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைப் பார்த்து வர வேண்டும்.
• தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல், பூங்கா நிர்வாகத்துக்கு முன்தகவல் ஆகியவை தேவை. பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து பெற்றோர் சிலரை உடன் அழைத்தால் கண்காணிப்பு எளிதாகும்.
• வகுப்பில் ஐந்து சொற்களைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குங்கள்: வரத்துக்கால்வாய், கரை, மதகு, கலங்கல், ஆயக்கட்டு. மேட்டிலிருந்து நீர் வரும் வழி வரத்துக்கால்வாய். பள்ளமான பக்கத்தில் நீரைத் தடுத்து நிறுத்துவது கரை. வயலுக்கு வேண்டிய அளவு நீர் விடுவது மதகு. ஏரி நிரம்பினால் கரை உடையாமல் மிகைநீரை வெளியேற்றுவது கலங்கல். அந்த நீரால் விளைந்த நிலம் ஆயக்கட்டு.

ஏரிக்கரையில் நான்கு குழுக்கள்

நவம்பர் முதல் ஜனவரி வரை, மழை இல்லாத நாளில், காலை 7 மணிக்குத் தொடங்குவது நல்லது. வெயில் ஏறுவதற்குள் பறவைகளைப் பார்த்துவிடலாம்.

*நீர்க் குழு:* ஐந்து சொற்களில் எவற்றை இங்கே காண முடிகிறது? எது மறைந்துவிட்டது? ஆசிரியர் மட்டும் நீர் எடுத்து, மூடிய கண்ணாடிப் புட்டியில் காட்டட்டும். நிறத்தையும் கலங்கலையும் குறிக்கலாம். லிட்மஸ் தாளால் சோதிக்கலாம்.

*பறவைக் குழு:* பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, அலகையும் காலையும் கவனிப்பது பயன் தரும். மடையான் நீண்ட காலுடன் ஆழமில்லாத ஓரத்தில் அசையாமல் நிற்கும். நாமக்கோழியின் விரல்களில் நீந்த உதவும் மடல்கள் இருக்கும். நீலத் தாழைக்கோழி நீண்ட விரல்களால் நீர்ச்செடிகள்மேல் நடக்கும். முக்குளிப்பான் மூழ்கி வேறிடத்தில் எழும். நீர்க்காகத்தின் இறகு நனைந்துவிடுவதால் சிறகை விரித்துக் காயவைக்கும். இவற்றுள் எதைக் கண்டாலும், 'இது எங்கே, எப்படி இரை தேடுகிறது?' என்று கேளுங்கள். ஒரே ஏரியில் ஆழத்துக்கு ஏற்ப உணவு பகிரப்படுவதை மாணவர்களே கண்டு சொல்வார்கள்.

*தாவரக் குழு:* கரையில் உள்ளவை, நீர்விளிம்பில் உள்ளவை, மிதப்பவை என மூன்றாகப் பிரித்து வரையட்டும். ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. கழிவுநீர் கலந்து சத்து மிகுந்த நீரில் அது விரைந்து பெருகும். நீர்ப்பரப்பை மூடி ஒளியைத் தடுக்கும். நீரில் ஆக்சிஜன் குறையும். அதைக் கண்டால் பரப்பைக் குறித்துக்கொள்ளட்டும்.

*மக்கள் குழு:* நடைப்பயிற்சிக்கு வரும் முதியோரிடம் மூன்றே கேள்விகள்: இங்கே முன்பு என்ன விளைந்தது? இந்த நீரை எதற்குப் பயன்படுத்தினீர்கள்? எப்போது மாறியது?

பாதுகாப்பு: யாரும் நீர்விளிம்புக்கு இறங்கக் கூடாது. நீரைத் தொடக் கூடாது. பறவைகளுக்குத் தின்பண்டம் போடக் கூடாது. பத்து மாணவர்களுக்கு ஒரு பெரியவர் வீதம் இருக்கட்டும்.

வகுப்பறைக்குத் திரும்பிய பின்

*கணக்கு:* ஏரியின் பரப்பு சுமார் 87 ஏக்கர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். பரப்பு முழுவதும் 1 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் எத்தனை லிட்டர்? விடை ஏறத்தாழ 35 கோடி லிட்டர். வீட்டில் வாங்கும் 20 லிட்டர் கேனில் இது 1.76 கோடி கேன். விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த எண் பேசும்.

*சமூக அறிவியல்:* வீட்டுச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒவ்வொருவரும் கேட்டு வரட்டும். கரையில் பூச்செடி வைப்பதால் மட்டும் ஏரி நலம் பெறுவதில்லை. வரத்துக்கால்வாயில் மழைநீர் வருகிறதா, கழிவுநீர் வருகிறதா என்பதுதான் அதன் நலத்தை முடிவு செய்கிறது. ஏரிகளும் கால்வாய்களும் அடைபட்டால் மழைநீர் தெருவுக்கும் வீட்டுக்கும் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டு எழுதச் சொல்லலாம்.

*தமிழ்:* 'பட்டு' என முடியும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்தல். ஏரியில் தாங்கள் கண்ட ஒரு குறையைக் குறிப்பிட்டு ஆவடி மாநகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுதல். நல்ல விண்ணப்பம் ஒன்றைத் தேர்ந்து உண்மையிலேயே அனுப்புங்கள். தான் எழுதிய கடிதம் அஞ்சலில் போகிறது என்று தெரிந்தால் மாணவர் சொல்லைத் தேர்ந்தெடுப்பார்.

மதிப்பீடு

தனித்தேர்வு வேண்டாம். ஏரியின் வரைபடத்தில் நீரின் வழியை அம்புக்குறியால் காட்டுகிறாரா, ஓர் உயிரினத்தின் உடலமைப்பை அதன் உணவுடன் இணைத்துச் சொல்கிறாரா, கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுகிறாரா என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கு

பூங்கா இல்லாத ஏரியிலும் இதே பாடம் நடத்தலாம். அம்பத்தூர், கொரட்டூர் பள்ளிகளுக்கு அவ்வூர்களின் ஏரிகளே உள்ளன. பூந்தமல்லிப் பள்ளிகளுக்குச் செம்பரம்பாக்கம் அருகில் இருக்கிறது. அதன் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நாளிதழில் வரும் அன்றாட நீர்மட்டத்தைக் கொண்டு வரைபடம் வரையச் சொல்லலாம்.

முடிந்தால் ஏப்ரலில் அதே ஏரிக்கு இரண்டாம் முறை செல்லுங்கள். ஜனவரியில் நீர் நின்ற இடத்தில் சேறு தெரியக்கூடும். சில பறவைகள் போயிருக்கும், வேறு சில வந்திருக்கும். தேசிய பசுமைப் படை மாணவர்கள் இரு பயணக் குறிப்புகளையும் ஒரே பதிவேட்டில் எழுதி அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைக்கட்டும். ஐந்து ஆண்டுகளில் அந்த ஏரியின் வரலாறு பள்ளியின் கையில் இருக்கும்.