மல்லாந்து படுத்தால் வருபவன்

விழிப்பு வந்துவிடும். அறை தெரியும், சுற்றுகிற ஃபேன் தெரியும், அடுப்படியில் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூடக் கேட்கும். ஆனால் கை அசையாது, கால் அசையாது. கத்தலாம் என்றால் குரல் வராது. நெஞ்சின்மேல் ஆள் ஏறி உட்கார்ந்ததுபோல ஒரு பாரம். அறைக்குள் இன்னொருவன் நிற்கிறான் என்று உறுதியாகத் தெரியும். எங்கள் மதுரைப் பக்கத்தில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை.

எனக்கு இது கல்லூரி விடுதியில் பரீட்சைக்குக் கண்விழித்த காலத்தில் தொடங்கியது. பிறகு பத்திரிகை ஆபீசில் நைட் டூட்டி பார்த்த வருடங்களில் அடிக்கடி வந்தது. கடைசிப் பதிப்பு அச்சுக்குப் போனதும் விடியற்காலையில் வீடு திரும்பி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பேன். படுத்த சிறிது நேரத்திலேயே பிடித்துக்கொள்ளும். பயந்து, பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்து, படித்ததை என் உடம்பிலேயே பரீட்சித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். எனக்குப் பயம் போனதே அது தெரிந்த பிறகுதான்.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் தூங்குகிறவர்களின் மூடிய இமைக்குள் கண்மணிகள் விறுவிறுவென்று ஓடும் ஒரு கட்டம் இருப்பதைப் பதிவுசெய்தார்கள். கனவுகள் செறிவாக வருவது அந்தக் கட்டத்தில். பிரான்சில் லியோன் நகரத்து மிஷேல் ஜூவே அடுத்த படிக்குப் போனார். பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியை அழித்துப் பார்த்தார். அந்தப் பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத எலியைப் பதுங்கிப் பிடித்தன, இல்லாத எதிரியோடு சண்டை போட்டன. கனவில் ஓடும்போது நாம் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமல் இருப்பதற்கு ஒரு பூட்டு இருக்கிறது, அது மூளைத்தண்டில் இருக்கிறது என்று அதிலிருந்து புரிந்தது. கனவுத் தூக்கம் தொடங்கியதும் அங்கிருந்து கிளம்பும் தடைச்செய்தி முதுகுத்தண்டு நரம்புகளை அடக்கிவிடுகிறது, தசைகள் தளர்ந்துவிடுகின்றன.

ஆக, அசையாமல் கிடப்பது எனக்கு மட்டும் வந்த நோயில்லை. இதைப் படிக்கிற நீங்களும் நேற்று இரவு பலமுறை அப்படிக் கிடந்தீர்கள். தூங்கிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. என் போன்றவர்களுக்குப் பூட்டு திறப்பதற்கு முன்பே மனம் விழித்துவிடுகிறது. சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ பூட்டு தானாகத் திறந்துவிடும். 2011-ல் ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருந்தது. மாணவர்களில் 28.3 சதவீதம். விடுதிகளில் வாழ்ந்த யாருக்கும் இந்த இரண்டாவது எண் ஆச்சரியம் தராது.

நெஞ்சுப் பாரத்துக்கும் காரணம் இருக்கிறது. எனக்கு மிகவும் உதவிய செய்தி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கனவுத் தூக்கத்தில் விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் தளர்ந்துவிடுகின்றன. மூச்சை நடத்துவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம். அதற்கு அந்தத் தடை கிடையாது, இரவு முழுக்கத் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நாம் பாதியில் விழித்து, பயத்தில் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கப் பார்க்கிறோம். விலாத் தசைகள் கேட்பதில்லை. இழுத்தும் வராத அந்த மூச்சைத்தான் யாரோ அமுக்குவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. மூச்சு நிற்கவில்லை, நிற்கவும் போவதில்லை. இது மனதில் பதிந்த பிறகு எனக்கு வந்தவற்றில் பாதிக்கும் மேல் சும்மா வந்து சும்மா போயின.

அறையில் நிற்கிற அந்த ஆள்? ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப்பகுதி அந்த நேரத்தில் உச்சத்தில் இருக்கிறது. ஆபத்தை உணர்ந்தாயிற்று, ஆளைக் காணோம் என்றால் மூளை ஓர் ஆளை உண்டாக்கிக்கொள்கிறது. உருவத்தை அவரவர் ஊர் கொடுக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் அது ஒரு கிழவி. ஜப்பானில் கட்டிப்போடும் சக்தி. ஹென்றி ஃபியூசெலி 1781-ல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், மல்லாந்து கிடக்கும் பெண்ணின் மார்பில் ஒரு குட்டிச்சாத்தான் குந்தியிருக்கிறது. அந்தப் பெண் மல்லாந்து கிடப்பதைக் கவனியுங்கள்.

என் அப்பத்தா சொன்னதும் அதுதான். “மல்லாக்கப் படுக்காதடா, ஒருச்சாஞ்சு படு. மல்லாந்தாத்தான் அமுக்குவான் வருவான்” என்பாள். மல்லாந்து படுத்தால் இது அதிகம் வருகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. பேய் அண்டாமலிருக்க அவள் எங்கள் தலைமாட்டில் வைத்த இரும்பையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். இரும்பு இருக்கிறது என்ற தைரியத்தில் நாங்கள் பயமின்றித் தூங்கினோம். இந்த விஷயத்தில் பயம் குறைந்தாலே பாதி குணம்தான்.

பிடித்துக்கொண்ட நேரத்தில் என்ன செய்வது? எழுந்து உட்கார முயற்சி செய்யாதீர்கள். பெரிய தசைகளோடு மல்லுக்கட்டினால் அவை அசையாததே பயத்தை ஏற்றும், பயம் ஏறினால் பாரமும் கூடும். கண்கள் பூட்டப்படவில்லை. இடம் வலமாக உருட்டுங்கள். மூச்சை இழுப்பதை விட்டுவிட்டு, வெளியே போகிற மூச்சை மட்டும் கவனியுங்கள். பிறகு கால் பெருவிரலையோ சுண்டுவிரலையோ அசைக்கப் பாருங்கள். எனக்கு நாக்கு முந்திக்கொள்ளும், நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினால் சில நேரம் சட்டென்று விட்டுவிடும். ஆள் நிற்பதாகத் தோன்றினால் அவனைப் பார்க்காதீர்கள், அவனோடு வாதாடாதீர்கள். மனதுக்குப் பிடித்த ஒரு முகத்தையோ பாட்டையோ சாமியையோ பிடித்துக்கொள்ளுங்கள். பலாண்ட் ஜலால் என்ற ஆய்வாளர் இதற்கென்று ஒரு சிகிச்சைமுறை வகுத்திருக்கிறார். இது ஆபத்தில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, பயத்திலிருந்து விலகி நிற்பது, நல்ல ஒன்றில் கவனத்தைக் குவிப்பது, தசைகளைத் தளர விடுவது என்று அது போகிறது. கந்தசஷ்டி கவசத்தை மனதுக்குள் ஓட்டிய நம் அம்மாக்கள் செய்ததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் மூச்சு வேகமாவது கேட்டால் தோளைத் தொட்டால் போதும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். வெளியிலிருந்து ஒரு தொடுதல் கிடைத்தால் பெரும்பாலும் அந்த நொடியே விட்டுவிடும். விட்ட பிறகு அப்படியே கண்ணை மூடாதீர்கள், திரும்ப வரும். எழுந்து முகம் கழுவி, நான்கு எட்டு நடந்து, வேறு பக்கம் சாய்ந்து படுங்கள்.

இனி இதன் இன்னொரு முகம். பயம் விலகியபின் எனக்கு நடந்தது அதைவிட விசித்திரமானது.

ஒரு பகல் தூக்கத்தில் பிடித்துக்கொண்டது. போராடாமல் கிடந்தேன். காதுக்குள் ஒரு இரைச்சல் எழுந்தது, உடம்பு முழுக்க மின்சாரம் ஓடுவதுபோல் அதிர்வு. அதற்கும் பயப்படாமல் இருந்தபோது முதுகு படுக்கையைவிட்டு எழும்பியது. மேலே போனேன். சுற்றுகிற ஃபேனின் பக்கத்தில், எந்தப் பயமும் இல்லாமல், எடையே இல்லாமல் மிதந்தேன். கீழே படுத்திருப்பவன் நான்தான் என்று தெரிந்தது. அவன்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது. அந்த நிம்மதியை நான் வேறு எங்கும் அடைந்ததில்லை என்றே சொல்வேன்.

கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளோடு வளர்ந்தவர்கள் நாம். சாத்தனூரில் இறந்துபோன இடையன் மூலனுக்காகப் பசுக்கள் கதறுவதைப் பொறுக்காமல் ஒரு சிவயோகி அவன் உடலுக்குள் புகுந்து திருமூலர் ஆனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தக் கதை ஊறிய மனதுக்கு இந்த மிதப்பு வந்தால் என்ன தோன்றும்? உயிர் வெளியே போய் வந்துவிட்டது என்றுதான் எனக்கும் தோன்றியது. சரிபார்க்க வேண்டும் என்றும் தோன்றியது. அடுத்தமுறை மிதந்தபோது பீரோவின் மேல்தட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு பித்தளைக் குடமும் சுருட்டிய பாயும் தெளிவாகத் தெரிந்தன. எழுந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். தூசி படிந்த ஒரு சூட்கேஸ் மட்டும் இருந்தது. இன்னொரு முறை மிதந்தபோது ஜன்னலே எதிர்ச் சுவரில் இருந்தது. நான் பார்த்தது என் மூளை கட்டிய அறை.

இதற்கு ஆதாரம் மருத்துவத்தில் இருக்கிறது. 2002-ல் ஜெனிவாவில் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் மூளையில் மின்முனைகள் வைத்துப் பரிசோதித்தது. வலது காதுக்குச் சற்று மேலே, பின்புறமாக உள்ள ஒரு மடிப்பில் சிறிய மின்சாரம் கொடுத்தபோது படுக்கைக்குள் அமிழ்வதாக, உயரத்திலிருந்து விழுவதாக அவர் சொன்னார். மின்சாரத்தைக் கூட்டியபோது மேலேயிருந்து தன்னையே பார்ப்பதாகச் சொன்னார், அதுவும் கால்களும் இடுப்புப் பகுதியும் மட்டும் தெரிவதாக. கண், உள்காது, தசை ஆகியவற்றிலிருந்து வரும் தகவல்களைச் சேர்த்து ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற உணர்வைத் தருவது அந்த வட்டாரம். பூட்டிய உடம்பிலிருந்து சரியான தகவல் வராதபோது அந்தக் கணக்கு பிசகுகிறது. நாம் மிதக்கிறோம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஆலன் செய்ன் ஏராளமானவர்களின் அனுபவங்களைத் திரட்டிப் பகுத்தபோதும், ஆள் நிற்பதும் நெஞ்சை அமுக்குவதும் பயத்தோடு சேர்ந்து நின்றன. மிதப்பு தனியாக, சுகத்தோடு நின்றது.

இதயத்துடிப்பு நின்று உயிர் மீண்டவர்களிடம் சாம் பார்னியா நடத்திய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. மேலேயிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி சில மருத்துவமனை அறைகளில் பலகைகள் மேல் படங்கள் வைத்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. என் பீரோவும் அதையேதான் சொல்லியது. அனுபவம் பொய்யில்லை. அது தந்த நிம்மதியும் பொய்யில்லை. வெளியே போனது எதுவும் இல்லை என்பது என் முடிவு.

இந்த மிதப்பு பிடித்துப்போய் அதை வரவழைக்கப் பார்க்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நடு இரவில் அலாரம் வைத்து எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து, மறுபடி மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் சிலருக்கு வரும்தான். தூக்கத்தைப் பாதியில் கலைத்து இதை ஆய்வகத்திலேயே வரவழைத்த ஜப்பானிய ஆய்வு 1992-லேயே வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் கொடுக்கிற விலை தூக்கம். அடுத்த நாளின் வேலை, படிப்பு, வண்டி ஓட்டும்போது இருக்க வேண்டிய விழிப்பு எல்லாம் அதில் போகும். வலிப்பு நோய் உள்ளவர்கள் தூக்கத்தைக் கெடுத்தால் வலிப்பே வரலாம். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. தானாக வந்தால் பயப்படாமல் மிதந்துவிட்டு வாருங்கள். தேடிப் போகாதீர்கள்.

வராமல் தடுப்பதற்குப் பெரிய வித்தை கிடையாது. தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது, ஒருக்களித்துப் படுப்பது, மாலைக்குமேல் காபி டீயைக் குறைப்பது. ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு முதலாவது நடக்காது என்று எனக்குத் தெரியும். அவர்கள் பகலில் ஒரே நீளமாகத் தூங்க வழி செய்துகொள்ளட்டும்: கறுப்புத் திரை, அணைத்த போன், அழைப்புமணி அடிக்காத வாசல். நைட் டூட்டியை விட்ட பிறகு எனக்கு இது அபூர்வமாகத்தான் வருகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை “ராத்திரி யாரோ என்னை அமுக்குறாங்க” என்று சொன்னால் திட்டாதீர்கள், மந்திரிக்கவும் கூட்டிப்போகாதீர்கள். மூச்சு நிற்காது, கொஞ்ச நேரத்தில் தானே விட்டுவிடும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். வாரம் தவறாமல் வருகிறது, தூங்கவே பயப்படுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சுத் திணறலும் இருந்தாலும் காட்ட வேண்டும். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுவதும், பலமாகச் சிரித்தால் முழங்கால் தொய்ந்து சரிவதும் சேர்ந்து இருந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அது நார்கோலெப்சி என்ற நோயாக இருக்கலாம், அதை மருந்தால் கட்டுப்படுத்த முடியும்.